சீக்கியர் படை சேர்க்க நிஹங்குகள் மட்டும் போதுமா?

கேள்வி: 28 மி.மீ. உலோக வீரர்களுக்கு வண்ணம் அடித்து மேசைப் போர் விளையாட ஆசை. முதல் படையாகச் சீக்கியர் படையை எடுக்கலாமா? நீல உடை போட்ட நிஹங்குகள் அட்டகாசமாக இருக்கிறார்கள். அவர்களை மட்டும் வாங்கினால் போதுமா?

எடுக்கலாம். ஆனால் நிஹங்குகள், அதாவது அகாலிகள் என்றும் சொல்லப்படும் நீல உடைச் சீக்கியப் போர்த்துறவிகள், மட்டும் போதாது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரி என்னைச் சீண்டிவிட்டது, அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

உங்களைக் குறை சொல்லவில்லை. விற்பவர்கள் போடும் படத்திலேயே முன்னால் நிற்பவர் நிஹங்குதான். அடுக்கடுக்காக எஃகுச் சக்கரம் மாட்டிய உயரத் தலைப்பாகை, ஓங்கிய வாள், திறந்த வாய். பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். நீங்களும் இங்கிலாந்துக் கடைகளின் பக்கத்தைத் திறந்து வைத்து, பவுண்டை ரூபாயாக மாற்றிப் பார்த்துவிட்டு, வீட்டில் இன்னும் வாய் திறக்காமல் இருப்பவர் என்றுதான் நினைக்கிறேன். ஆர்டர் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை, சீக்கியரும் இல்லை. திருப்பூரில் சாயப்பட்டறைத் தொழில். பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு லூதியானா போக்குவரத்து புதிதல்ல, இங்கே பருத்தி, அங்கே கம்பளி. அப்படிப் போன ஒரு சமயம், நூல் வியாபாரம் செய்யும் சர்தார்ஜி ஒருவர் வேலை முடிந்ததும் என்னை வண்டியில் ஏற்றி அலிவாலுக்குக் கூட்டிப்போனார். 1846 ஜனவரி 28 அன்று ஹாரி ஸ்மித்தின் ஆங்கிலேயப் படையும் ரஞ்சோத் சிங் மஜீதியாவின் சீக்கியப் படையும் சட்லெஜ் ஆற்றோரத்தில் மோதிய இடம். என் கண்ணுக்குத் தெரிந்தது கோதுமை வயல்தான். நான் வழக்கம்போல வாள், வீரம் என்று ஏதோ ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார். "பாய் சாப், எங்களை எல்லாரும் வாளோடுதான் பார்க்கிறீர்கள். இங்கே நின்றவர்கள் துப்பாக்கி பிடித்து வரிசையில் நின்றவர்கள்" என்றார்.

அலமாரியில் இருக்கும் என் படை முழுக்க அந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான்.

சீக்கிய அரசர் ரஞ்சித் சிங் 1799இல் லாகூரைப் பிடித்தார். மரபான குதிரைப்படையை மட்டும் நம்பிக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரனோடு மோத முடியாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். நெப்போலியனிடம் வேலை பார்த்த அலார்டும் வெந்துராவும் 1822இல் லாகூர் வந்து சேர்ந்தார்கள். அலார்டு குதிரைப்படையையும் வெந்துரா காலாட்படையையும் பழக்கினார்கள். 1827இல் கோர், அவிதாபிலே என்ற இன்னும் இரண்டு ஐரோப்பியர்கள் வந்தார்கள், கோர் கைக்குப் பீரங்கிப்படை போயிற்று. லாகூரிலேயே பீரங்கி வார்த்தார்கள், அந்த வேலையில் லேனா சிங் மஜீதியா பெரிய கை. பீரங்கிக்காரர்களில் நிறையப் பேர் பஞ்சாபி முஸ்லிம்கள், இலாஹி பக்ஷ் என்ற தளபதி உட்பட. கூர்க்காக்களும் இருந்தார்கள். ஆக, எல்லா உருவத்துக்கும் ஒரே தாடி, ஒரே முகம் அடித்து வைத்தால் அது சீக்கியர் படை இல்லை.

இன்னொன்று. 1845இல் ஆங்கிலேயரோடு தொடங்கிய போருக்கான படை என்றால் ஐரோப்பிய அதிகாரி உருவங்களை வாங்கிக் குவிக்காதீர்கள். அலார்டு 1839இலேயே இறந்துவிட்டார், மற்ற பெரிய பெயர்கள் போர் தொடங்குமுன் கிளம்பிவிட்டார்கள். அந்தப் போரை நடத்தியது பஞ்சாபிகளே.

நிஹங்குகளை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். 1823இல் நௌஷேராப் போரில் நிஹங்குத் தலைவர் அகாலி பூலா சிங் செத்தது எப்படி என்று எனக்கும் தெரியும். என்னிடமும் ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது, ஓரத்தில் நிற்கும். ஆனால் நடுவில் நிற்க வேண்டியது சிவப்புக் கோட்டுக் காலாட்படையும் பீரங்கியும். வெறும் நிஹங்குகளாக அடுக்கினால், ஒழுங்கான ராணுவம் ஒன்றைக் கோபக்காரக் கும்பலாகக் காட்டுகிறீர்கள். அன்றைக்கு வெள்ளைக்காரன் பயந்தது கும்பலைப் பார்த்து இல்லை.

இந்த எரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது. கோவையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் ஃபிரோஸ்ஷா போரை ஆடினோம். எதிரே ஆங்கிலேயப் படை வைத்திருந்தவர் கெட்டிக்காரப் பையன், உருவங்களை என்னைவிட நன்றாக அடிப்பான். 16ஆவது லான்சர் என்ற ஆங்கிலேய ஈட்டிக் குதிரைப்படையின் ஈட்டிக் கொடிகளைக்கூட மடிப்பு மடிப்பாகச் செய்திருந்தான். அலிவாலில் ரத்தம் காய்ந்து கொடிகள் விறைத்துப் போனதன் நினைவாக அந்த ரெஜிமெண்ட் பிற்பாடு கொடியை மடிப்பு வைத்தே வைத்திருந்தது. இதெல்லாம் தெரிந்தவன், ஆட்டம் தொடங்கும்போது என் காலாட்படையைப் பார்த்து, "ஏங்கண்ணா, இவங்களை இர்ரெகுலர்னு போட்டுக்கலாமுங்களா? மனவலிமை ஒரு புள்ளி கம்மியா?" என்றான். முறையான பயிற்சி இல்லாத படையாகக் கணக்கு வைக்கலாமா என்கிறான்.

"எதுக்கு தம்பி கம்மி?"

"தோத்தாங்கல்லங்கண்ணா."

எனக்கு வந்ததே கோபம். டீ ஆறியதுதான் மிச்சம். 1845 டிசம்பர் 21, ஃபிரோஸ்ஷா. ஆங்கிலேயர் இருட்டும்வரை அடித்தும் சீக்கியர் பாளையத்தை முழுதாகப் பிடிக்க முடியவில்லை. ராத்திரியைக் குளிரில், தண்ணீர் இல்லாமல், சீக்கியப் பீரங்கிக் குண்டுக்கு நடுவே கழித்தார்கள். கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்சு தன்னிடம் இருந்த நெப்போலியன் வாளைப் பத்திரமான இடத்துக்கு அனுப்பிவிட்டார், தோற்றால் அரசாங்கக் காகிதங்களை எரிக்கச் சொல்லி ஆளும் அனுப்பினார். மறுநாள் காலை பாளையம் விழுந்த பிறகு சீக்கியத் தளபதி தேஜ் சிங் புதுப் படையோடு வந்து நின்றார். ஆங்கிலேயரிடம் குண்டும் மருந்தும் ஏறக்குறைய தீர்ந்து போயிருந்த நேரம். தேஜ் சிங் கொஞ்சம் சுட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். இரண்டு நாளில் ஆங்கிலேயர் பக்கம் சுமார் 2,400 பேர் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். இதில் காலாட்படைக்காரன் மனவலிமையில் எங்கே குறை?

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். வீரர்களுக்குக் கம்பெனி சிப்பாய்களின் தரமே, பீரங்கிக்கு ஒரு படி மேல். குறையெல்லாம் தளபதிகளின் தலையில். இன்னொரு சீக்கியத் தளபதி லால் சிங் ஒவ்வொரு சுற்றும் பகடை உருட்டித்தான் அசைய வேண்டும். தேஜ் சிங் வந்தால் மறுபடி பகடை, மூன்றுக்குக் கீழே விழுந்தால் திரும்பிவிடுவார். இரண்டு விழுந்தது. தோற்றேன். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, தோற்க வேண்டிய ஆள் தோற்றார். தேஜ் சிங்கைத் துரோகி என்பதா கோழை என்பதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. எங்கள் விதியில் இரண்டுக்கும் ஒரே பகடைதான்.

சரி, வண்ணத்துக்கு வருகிறேன்.

உருவம் வந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள், அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும். தலைப்பாகை உச்சியில் அச்சு சேர்ந்த கோடு ஓடும். அதை மெல்லிய அரத்தால் எடுக்காவிட்டால் பிற்பாடு எந்த வண்ணம் அடித்தாலும் துணியில் தழும்பு தெரியும். பழைய உருவங்களில் ஈயம் இருக்கும், அரத்தூளை ஊதாதீர்கள், கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள். மழைக்காலத்தில் பிரைமரை (வண்ணத்துக்கு அடியில் போடும் முதல் பூச்சு) ஸ்பிரேயாக அடித்தால் மணல் தூவினமாதிரி சொரசொரப்பாகிவிடும். நான் தூரிகையாலேயே பிரைமர் அடிப்பேன்.

கோட்டுச் சிவப்பு. இதில்தான் என் தொழில் மூளை வேலை செய்யும். 1845இல் செயற்கைச் சாயம் கிடையாது, பெர்கின் மாவ் சாயத்தைக் கண்டுபிடித்ததே 1856இல். அப்போதிருந்த சிவப்பெல்லாம் வேரிலும் அரக்கிலும் பூச்சியிலும் எடுத்தது. தொட்டிக்குத் தொட்டி ஷேடு மாறும், பஞ்சாப் வெயிலில் இன்னும் வெளுக்கும். அதனால் ஒரே பாட்டில் சிவப்பை எல்லாக் கோட்டுக்கும் அடிக்க மாட்டேன். கொஞ்சம் பழுப்பு கலந்தது, கொஞ்சம் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது என்று மூன்று நான்கு கலவை வைத்துக்கொண்டு கலந்து கலந்து அடிப்பேன். குறுக்கு வார்கள் கருப்பு, ஆங்கிலேயச் சிப்பாய்க்கு அடிப்பதுபோல் வெள்ளை அடித்துவிடாதீர்கள். தலைப்பாகை நிறம் பட்டாளத்துக்குப் பட்டாளம் மாறும், ஒரு பட்டாளத்துக்குள் ஒன்றாக இருக்கட்டும்.

இந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு ஒருவர், "ஷேடு வேரியேஷன் இருக்கே" என்றார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஏனென்றால் பட்டறையில் தினமும் இதே பேச்சுதான். லேப் டிப் (சாயம் ஏற்றிய மாதிரித் துண்டு) அனுப்புவோம், பையர் ஓகே சொல்வார், துணி சாயம் ஏறி, தைத்து, கப்பல் ஏறிப் போன பிறகு "ஷேடு கொஞ்சம் தள்ளியிருக்கிறது, பத்து சதவீதம் கழித்துக்கொள்கிறோம்" என்று டெபிட் நோட் வரும். லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்துக்குச் சமமான டி 65 விளக்கில் நாம் பார்த்ததை அவர்கள் கடை விளக்கில் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். சரக்கைத் திருப்பி அனுப்புங்கள் என்றால் மட்டும் அனுப்ப மாட்டார்கள், அதையும் விற்றுவிடுவார்கள். கேட்க நாதியில்லை. எனக்குத் தெரிந்து இந்தக் கழிவிலேயே பட்டறையை மூடியவர்கள் இருக்கிறார்கள். இதைப் பற்றித் தனியாக யாராவது கேள்வி கேளுங்கள், எழுதுகிறேன். இங்கே உபயோகமான விஷயம் இவ்வளவுதான்: உருவம் அடிக்கும் மேசையில் டே லைட் டியூப் போடுங்கள். மஞ்சள் விளக்கில் கலக்கிய சிவப்பு காலையில் வேறாக இருக்கும்.

தோலுக்கு, "ஃபிளெஷ்" என்று எழுதிய பாட்டிலைத் தொடாதீர்கள். அது வெள்ளைக்காரன் கன்னத்து ரோஸ். நடுத்தரப் பழுப்பில் தொடங்கி, அடர் பழுப்பு வாஷ் (நன்றாக நீர்த்த வண்ணம்) கொடுத்து, மூக்கு நுனியிலும் கன்ன எலும்பிலும் கொஞ்சம் ஏற்றினால் போதும். தாடிக்குச் சுத்தக் கருப்பு வேண்டாம், ஒரு சொட்டுப் பழுப்பு விட்டு, ஓரத்தில் சாம்பல் இழுங்கள்.

என்னிடம் இருப்பதில் எதற்கு அதிகம் மெனக்கெட்டேன் என்றால் சீக்கியத் தளபதி ஷாம் சிங் அட்டாரிவாலாவுக்குத்தான். 1846 பிப்ரவரி 10, சோப்ரான் போர். பின்னால் சட்லெஜில் வெள்ளம், படகுப் பாலம் உடைந்தாயிற்று, தேஜ் சிங் முன்னமே அக்கரை போய்விட்டார். இந்தக் கிழவர் வெள்ளை உடை போட்டு, வெள்ளைக் குதிரை ஏறி நின்று செத்தார். சொல்லக் கேட்க நன்றாக இருக்கிறது, அடிக்கிறவனுக்குத் தலைவலி. உடை, தாடி, குதிரை மூன்றும் வெள்ளை. ஒரே வெள்ளையை அடித்தால் சுண்ணாம்புக் கட்டி. திருப்பூரில் நாங்கள் வெள்ளையிலேயே மில்க் ஒயிட், ஹாஃப் ஒயிட், நீலம் போட்ட ஒயிட் என்று பிரிப்போம், அதையே இங்கே செய்தேன். உடைக்கு மஞ்சள் சாயல் ஹாஃப் ஒயிட், மடிப்புக்குள் வெளிர் காவி. தாடிக்குச் சாம்பலில் தொடங்கிக் குளிர்ந்த வெள்ளை. குதிரைக்கு இளஞ்சாம்பல், மூக்கருகே மட்டும் ரோஸ். மூன்றும் பிரிந்து நிற்கிறது. பார்த்துவிட்டு அந்த லூதியானா சர்தார்ஜி ஃபோனில் சொன்ன ஒரே திருத்தம், கொடியில் இருக்கும் கண்டா என்ற சீக்கியர் சின்னம் இன்றைய வடிவம், அந்தக் காலத்துக்குப் பொருந்தாது என்பது. அழித்துவிட்டு வெறும் காவிக் கொடியாக விட்டேன்.

வாங்கும் வரிசை: முதலில் ஒரு பீரங்கியும் அதன் ஆட்களும். கொஞ்சம் உருவங்கள்தான், முடித்துவிட்டால் தைரியம் வரும். பிறகு சிவப்புக் கோட்டுக்காரர்கள் 24 பேர். பிறகு கோர்ச்சரா என்ற மரபான குதிரைக்காரர்கள், அங்கே கவசம், பட்டு, மஞ்சள் என்று இஷ்டத்துக்கு விளையாடலாம், ஒருவர்போல் ஒருவர் இருக்கத் தேவையில்லை. நிஹங்குகள் கடைசியில், அரை டஜன்.

"தமிழனுக்குச் சோழர் படை இருக்கும்போது சீக்கியர் எதற்கு" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: சோழக் காலாட்படை என்ன உடையில், எந்த அணிவகுப்பில் நின்றது என்று பட்டாளம் பட்டாளமாக எழுதி வைத்த சாட்சி கிடைத்தால் அனுப்புங்கள், நாளைக்கே பிரைமர் அடிக்கிறேன்.