மெட்டு யாருக்குச் சொந்தம்?

கேள்வி: என் மகள் தானே பாடல் எழுதி, மெட்டமைத்துப் பாடுகிறாள். ஒலிப்பதிவுக்கூடம் ஒன்று, பதிவுச் செலவை ஏற்றுக்கொள்வதாகவும், எல்லா உரிமைகளையும் எழுதித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. தரலாமா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். 1987ஆம் ஆண்டின் மலேசியப் பதிப்புரிமைச் சட்டப்படி வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு ஆகிய மூன்றும் தனித்தனி உரிமைகள். முதல் இரண்டும் படைத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் மறைந்த பின் 50 ஆண்டுகளும் நீடிக்கின்றன. செலவு செய்தவர் ஒலிப்பதிவைக் கேட்பதில் ஓரளவு நியாயம் உண்டு. வரிகளையும் மெட்டையும் சேர்த்துக் கேட்பது, பந்திக்கு வந்தவர் பாத்திரத்தையும் தூக்கிச் செல்வதைப் போன்றது.

ஆனால், மனத்தில் மட்டும் இருக்கும் மெட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே, முனகிப் பார்க்கும்போதே கைப்பேசியில் பதிந்து, ‘சரணம், இரண்டாம் மாற்றம்’ என்பதுபோல் பெயரிட்டு, தேதியோடு சேமித்து வைக்கச் சொல்லுங்கள். உரிமையை மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் அறிவிக்கவும் வழியுண்டு, கட்டாயமில்லை. வானொலியில் பாடல் ஒலிக்கும்போது சேர வேண்டிய தொகையை வசூலித்துத் தரும் எம்ஏசிபி அமைப்பில், பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் அவர் உறுப்பியம் பெறுவது நல்லது.