குவாடராமா நடை: தூரத்தை விட்டு ஏற்றத்தைப் பாருங்கள்

மாட்ரிட் குழுவோடு ஞாயிறுதோறும் அருகிலுள்ள குவாடராமா மலைத்தொடரில் நடை போவதாகவும், 14 கிலோமீட்டர்தானே என்று நம்பிப் போய் இறக்கத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டதாகவும் எழுதியிருந்தீர்கள். எனக்கும் நேர்ந்ததுதான். அறிவிப்பில் தூரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். செர்செதியா ரயில் நிலையத்திலிருந்து ஃபுவென்ஃப்ரியா கணவாய்க்கு ஏறக்குறைய 600 மீட்டர் ஏற்றம். ஏறுவது மூச்சை வாங்கும், அவ்வளவுதான். முழங்காலைப் பதம் பார்ப்பது இறங்குவது. ஸ்பெயினில் பல குழுக்கள் ‘மிதே’ என்ற மதிப்பீட்டு முறையில் சூழலின் ஆபத்து, வழி கண்டுபிடிப்பது, பாதையில் நடப்பதன் சிரமம், உழைப்பு என்ற நான்குக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் தருகின்றன; எண் கூடினால் கடினம். கடைசி இரண்டும் 2-க்கு மேல் இருந்தால் இப்போதைக்கு வேண்டாம்.

இரண்டு ஊன்றுகோல்கள் வாங்குங்கள். இறங்கும்போது சற்று நீளமாக்கிக்கொள்ளுங்கள். பின்தங்குவதற்கு வெட்கப்படாமல் வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இலையுதிர்காலத்தில் பாதிப் பேர் பைன் மரத்தடியில் காளான் தேடி நின்றுவிடுவார்கள், கவலையே வேண்டாம்!

அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதன்பின் மாலை ஆறு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். பையில் தலைவிளக்கு இருக்கட்டும். வேட்டைப் பருவமும் அதுவே. பளிச்சென்ற நிறத்தில் சட்டை அணியுங்கள்.

வலி இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.