சின்ன ரிவால்வருக்கு எந்தக் கைப்பிடி? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் உரிமத்தோடும் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டும் தற்காப்புக்காகச் சின்ன ரிவால்வர் வைத்திருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளே இம்முறை அதிகம். எல்லாமே கைப்பிடியைப் பற்றியவை. பதில்களுக்கு முன் ஒரு வேண்டுகோள். கைப்பிடியைத் தொடும் ஒவ்வொரு முறையும் சிலிண்டரைத் திறந்து, அதன் தோட்டாத் துளைகளான அறைகள் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு வேலைக்கு உட்காருங்கள். திருப்புளியோடு போராடும்போது துப்பாக்கியின் வாய் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: என்னிடம் இருப்பது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642. கூடவே வந்த சிறிய கைப்பிடியில் உதை தாங்க முடியவில்லை. பின்பக்கத்தையும் மூடும் பெரிய ரப்பர் கைப்பிடி வாங்கி மாட்டினேன். வலி குறைந்தது. ஆனால் குண்டுகள் எல்லாம் இடப்பக்கமாக விழுகின்றன. எனக்குச் சிறிய கை, வலக்கைப் பழக்கம். கோளாறு துப்பாக்கியிலா, என்னிடமா? – வாசகி, ஹூஸ்டன்

பெரும்பாலும் இரண்டிலும் இல்லை, புதுக் கைப்பிடியில்தான். உலோக முதுகின் மேல் ரப்பர் ஏறும்போது உள்ளங்கைக்கும் டிரிகருக்கும் இடையிலான தூரம் 4 முதல் 6 மில்லிமீட்டர் கூடிவிடுகிறது. பெரிய கைக்கு அது ஒரு பொருட்டல்ல. சிறிய கையில், டிரிகரில் அழுந்த வேண்டிய விரலின் சதைப்பகுதி எட்டாமல் நுனி மட்டும் எட்டுகிறது. 642-இல் சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் ஒவ்வொரு சுடலுக்கும் டிரிகரை முழு நீளத்துக்கு இழுத்தாக வேண்டும். அதற்கு 10 முதல் 12 பவுண்டு விசை தேவை. நுனி விரலால் அத்தனை கனத்தை இழுத்தால் விரல் நேராகப் பின்னால் வராது, டிரிகரைப் பக்கவாட்டில் தள்ளும். வலக்கைக்காரருக்கு அது இடப்பக்கம்.

இதை வீட்டிலேயே சோதித்துவிடலாம். காலித் துப்பாக்கியை, பேரல் முன்னங்கையின் நேர்க்கோட்டில் வரும்படி, கையை எவ்வளவு மேலே ஏற்ற முடியுமோ அவ்வளவு மேலே ஏற்றிப் பிடியுங்கள். பாதுகாப்பான திசையில் நீட்டிக்கொண்டு ஆட்காட்டி விரலை டிரிகரில் வையுங்கள். முதல் மூட்டின் மடிப்போ அதற்குச் சற்று முன்னால் உள்ள சதையோ டிரிகரின் நடுவில் இருந்தால் சரி. அப்படி வைப்பதற்காகத் துப்பாக்கியைக் கைக்குள் திருப்ப வேண்டியிருந்தால், பேரல் முன்னங்கையின் நேர்க்கோட்டிலிருந்து விலகினால், அந்தக் கைப்பிடி உங்கள் கைக்கு உரியது அல்ல. அது எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் சரி, இந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கிவிடலாம்.

மாற்று என்ன? பின்முதுகைத் திறந்து விட்டு முன்பக்கத்தை மட்டும் நிரப்பும் கைப்பிடி. டிரிகர் கார்டுக்குப் பின்னால் உள்ள குழிவை நிரப்பி, ஃபிரேமின் (உலோக உடலின்) அடி விளிம்போடு முடிந்துவிடும் 'பூட் கிரிப்' வகை. இதில் சுண்டுவிரல் கீழே மடிந்து நிற்கும், பாதகமில்லை. மீதி உதையைத் தோட்டாவால் குறைக்கலாம். 642 சுடும் .38 ஸ்பெஷல் ரகத்தில் 148 கிரெய்ன் வாட்கட்டர் (தட்டை முனையுள்ள, இலக்குப் பயிற்சிக்கான மென்மையான தோட்டா) இந்த எடையிலும் கையை வருத்தாது. பயிற்சிக்கு அதையே பயன்படுத்துங்கள்.

உதையில் எடைக்குப் பங்கு மிகப் பெரிது. 642 அலுமினிய ஃபிரேம், எடை ஏறக்குறைய 410 கிராம். அதே நிறுவனத்தின் முழு எஃகு மாடலான 640 அதைவிட ஏறக்குறைய 230 கிராம் கூடுதல். இன்னும் இலேசான மாடலான 340 பி.டி.யின் எடை 340 கிராமைக்கூடத் தொடாது. ஒரே தோட்டாவை எடை பாதியான துப்பாக்கியில் சுட்டால் கைக்கு வரும் உதையாற்றல் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 340 பி.டி.யில் .357 மேக்னம் என்ற வலுவான தோட்டாவைச் சுட்டுவிட்டு, அதைக் கைப்பிடியால் சரிசெய்யப் பார்ப்பது வீண் செலவு. முதலில் தோட்டாவை மாற்றுங்கள்.

கேள்வி: நான்கு தடவை சுட்டாலே நடுவிரல் மூட்டு வீங்கிவிடுகிறது. கையுறை போடலாமா? – வாசகர், அட்லாண்டா

டிரிகர் கார்டின் பின்பகுதி அந்த மூட்டில் இடிக்கிறது. கையுறை போட்டுப் பழகினால், தேவைப்படும் நேரத்தில் கையுறை இருக்காது. அங்கே ஃபிரேமுக்கும் விரலுக்கும் இடையில் இருக்கும் வெற்றிடத்தை நிரப்புவதே மருந்து. உங்கள் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 36-இல், கைப்பிடியின் இரு பக்கமும் மாட்டும் பழைய மெல்லிய மரப் பலகைகளே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வகைப் பலகைகள் முன்பக்கத்தை மூடுவதில்லை. அவற்றைக் கழற்ற மனமில்லை என்றால் 'டைலர் டி-கிரிப்' என்ற சிறிய உலோகத் துண்டு இருக்கிறது. பலகைகளுக்கு அடியில் மாட்டிக்கொண்டு அந்தக் குழிவை மட்டும் நிரப்பும். துப்பாக்கியின் தோற்றம் கெடாது, நீளமும் கூடாது. விரல் அடையாளங்கள் செதுக்கிய கைப்பிடியைத் தேடிப் போகாதீர்கள். அந்தப் பள்ளங்கள் யாரோ ஒருவருடைய விரல் அகலத்துக்கு வெட்டியவை. உங்கள் விரல் மேட்டின் மேல் உட்கார்ந்தால் வலி இடம் மாறுமே தவிரப் போகாது.

கேள்வி: பேன்ட் பாக்கெட்டில் வைக்கிறேன். ரப்பர் கைப்பிடி துணியில் ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கிறது. மரத்துக்கு மாறினால் சுடும்போது வழுக்குமா? – வாசகர், டாலஸ்

கொஞ்சம் வழுக்கும். ஆனால் பாக்கெட்டில் வைப்பவருக்கு அது ஏற்கத்தக்க நஷ்டம். மென்ரப்பர் உள்ளங்கையைப் பற்றுவது போலவே பாக்கெட் துணியையும் சட்டையின் உட்புறத்தையும் பற்றும். இடுப்பில் வைப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. குனிந்து நிமிரும்போது மேல்சட்டை ரப்பரில் மாட்டி அப்படியே நின்றுவிடும், கைப்பிடியின் வடிவம் வெளியே தெரிந்துவிடும்.

மறைப்பதில் பலரும் பேரலின் நீளத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். 2 அங்குலப் பேரலும் 3 அங்குலப் பேரலும் பேன்டுக்குள் ஒரே மாதிரிதான் மறையும். துருத்திக்கொண்டு காட்டிக்கொடுப்பது கைப்பிடியின் அடிமுனை. மூன்று விரல்களுக்கும் இடம் தரும் நீளமான கைப்பிடி சுடுவதற்குச் சுகம். பாக்கெட்டில் அது பிதுங்கும். ஆகவே பாக்கெட்டுக்கு இரண்டு விரல் நீளம், வழவழப்பான அல்லது மெல்லிய சொரசொரப்புள்ள பரப்பு. மரம் அல்லது ஜி-10 எனப்படும் கண்ணாடியிழைத் தகடு இதற்கு ஏற்றவை. ஜி-10 வியர்வையில் ஊறாது, வெடிக்காது. ஆனால் ஆழமாகச் செதுக்கிய ஜி-10 அரம் போலத் துணியைத் தின்னும், கையையும் அறுக்கும். மேலோட்டமான செதுக்கல் போதும்.

வாங்கியபின் செய்ய வேண்டிய சோதனை இது. டிரிகரை முழுவதும் மூடும் பாக்கெட் உறையில் காலித் துப்பாக்கியை வைத்து, நீங்கள் வழக்கமாகப் போடும் பேன்டில் வைத்து, கையை உள்ளே விடுங்கள். பாக்கெட்டுக்குள்ளேயே முழுப் பிடி கிடைக்கிறதா? பிடித்த கை பாக்கெட் வாயில் சிக்காமல் வெளியே வருகிறதா? நின்று பாருங்கள், நாற்காலியில் உட்கார்ந்தும் பாருங்கள். உட்கார்ந்திருக்கையில் வராத துப்பாக்கி காரில் இருக்கையிலும் வராது.

கேள்வி: அழகான மரக் கைப்பிடி ஒன்று வாங்கி மாட்டினேன். அதிலிருந்து ஐந்து காலிக் கூடுகளில் ஒன்று மட்டும் விழாமல் தொங்குகிறது. – வாசகர், சான் அன்டோனியோ

சிலிண்டரைத் திறந்ததும் இடப்பக்கப் பலகைக்கு மிக அருகில் வரும் அறையின் கூடு அது. பலகையின் மேற்பகுதியில் இடிக்கிறது. குட்டைப் பேரல் என்பதால் வெளித்தள்ளும் கம்பியும் குட்டை. .38 கூட்டின் நீளம் 29 மில்லிமீட்டர். கம்பி அதை முழுவதும் வெளியே தள்ளுவதில்லை, மீதித் தூரத்துக்குக் கூடு தானாக விழ வேண்டும். வழியில் மரம் நின்றால் விழாது. .357 கூடு 33 மில்லிமீட்டர், சிக்கல் இன்னும் மோசம்.

நல்ல கைப்பிடிகளில் இடப்பக்கப் பலகையின் மேல் மூலையை உட்குழிவாகச் செதுக்கியிருப்பார்கள். உங்களுடையதில் அது போதவில்லை. நீங்களே சரிசெய்யலாம். இடிக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, பலகை மாட்டியிருக்கும்போதே, ஸ்பீட்லோடரின் (எல்லாத் தோட்டாக்களையும் ஒரே தடவையில் சிலிண்டரில் போடும் சாதனத்தின்) விளிம்பில் சுண்ணக்கட்டி தேய்த்து, அதில் செயலற்ற பயிற்சித் தோட்டாக்களைப் போட்டுச் சிலிண்டரில் செலுத்துங்கள். வெள்ளை ஒட்டிய இடம்தான் வெட்ட வேண்டிய இடம். பலகையைக் கழற்றி, ஒரு குச்சியில் 120-ஆம் எண் உப்புத்தாளைச் சுற்றித் தேயுங்கள். அரை மில்லிமீட்டர் எடுங்கள், மாட்டிப் பாருங்கள், மறுபடி எடுங்கள். அவசரப்பட்டால் பலகை மெலிந்து, ஸ்குரூ இறுக்கும்போது பிளந்துவிடும். முடிந்ததும் 220, 400 என்று வழவழப்பாக்கி, மூன்று பூச்சு ஆளிவிதை எண்ணெய். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள்.

கூட்டை வெளித்தள்ளும்போது பேரலைச் செங்குத்தாக மேல்நோக்கிப் பிடித்து, கம்பியை உள்ளங்கையால் ஒரே அடியாக அடியுங்கள். மெதுவாக அழுத்தினால் கூடு, அதைத் தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டுக்கு அடியில் நழுவிச் சிலிண்டரையே முடக்கும்.

சிலிண்டர் திறக்கும் பொத்தானையும் கவனியுங்கள். பலகையின் மேல்விளிம்பு அதில் உரசினால் பொத்தான் முழுத்தூரம் நகராது.

கேள்வி: பலகையைக் கழற்றவே முடியவில்லை. கத்தியை இடுக்கில் விட்டு நெம்பலாமா? – அதே வாசகர்

வேண்டாம். ஃபிரேமில் கீறலும் விழும், மரமும் சில்லாக உடையும். ஸ்குரூவின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் ஸ்குரூவை மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்துங்கள், முழுதும் எடுக்காதீர்கள். பிறகு திருப்புளியின் பிடியால் ஸ்குரூத் தலையில் மெல்லத் தட்டினால், எதிர்ப்பக்கப் பலகை தானே எழும்பும். அதை எடுத்தபின் ஸ்குரூவைக் கழற்றி, உட்புறத்திலிருந்து விரலால் தள்ளினால் மற்றதும் வரும். மாட்டும்போது ஃபிரேமின் அடியில் உள்ள சிறு முளை பலகையின் துளையில் உட்கார்ந்த பிறகே ஸ்குரூவை முடுக்குங்கள். முளை உட்காராமல் முடுக்கியதால்தான் பெரும்பாலான பலகைகள் வெடிக்கின்றன. விரல் பலத்தில் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று போதும்.

ரப்பரில் ஒரே துண்டாக வரும் 'மோனோகிரிப்' வேறு மாதிரி. அடியில் உள்ள ஸ்குரூவைக் கழற்றிக் கைப்பிடியைக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். அந்த முளையில் மாட்டியிருக்கும் சிறு வளையத்தைத் தொலைத்துவிடாதீர்கள்.

கேள்வி: ரூகர் எல்.சி.ஆர். வைத்திருக்கிறேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் சின்ன ரிவால்வர் ரகமான ஜே-ஃபிரேமுக்குச் செய்த மரக் கைப்பிடி பொருந்துமா? – வாசகி, ஃபீனிக்ஸ்

பொருந்தாது. 2009-இல் வந்த எல்.சி.ஆர்.இல் கைப்பிடிக்குள் எஃகு ஃபிரேமே கிடையாது, ஒரு குட்டை முளை மட்டும்தான். அதனாலேயே அதன் கைப்பிடி உள்ளங்கைக்கும் உலோகத்துக்கும் இடையில் தாராளமாக மெத்தை வைக்கிறது, உதையும் குறைகிறது. எல்.சி.ஆர். என்று பெயர் குறித்து விற்பதையே வாங்குங்கள். டாரஸ், கிம்பர், கோல்ட் எல்லாமே தனித்தனி அளவு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்குள்ளேயே பழைய ஜே-ஃபிரேம்களில் கைப்பிடியின் அடிப்பகுதி சதுரமாக உள்ளவையும் உருண்டையாக உள்ளவையும் உண்டு. பழையது வாங்கியவர்கள் பலகையைக் கழற்றி ஃபிரேமின் பின் கீழ்மூலையைப் பார்த்துவிட்டே ஆர்டர் கொடுங்கள்.

கேள்வி: மான்கொம்புக் கைப்பிடி வேண்டும். இந்தியக் கொம்புக்கு ஏன் இத்தனை விலை? – வாசகர், சார்லட்

உள்ளே துளைப் பகுதி குறைவாகவும் கெட்டியாகவும் இருப்பதால் நம் கடமானின் கொம்புக்குக் கைப்பிடித் தொழிலில் தனி மதிப்பு. 1990-களின் இறுதியில் இந்தியா கொம்பு ஏற்றுமதியைத் தடை செய்தது. இப்போது அமெரிக்காவில் சுற்றுவது பழைய இருப்பு, அல்லது வேறு மானின் கொம்பு. ஊருக்கு வரும்போது ஒரு கொம்பை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகலாம் என்ற யோசனை உங்கள் கடிதத்தில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். தோற்றம்தான் வேண்டும் என்றால் வார்ப்புப் பிசினில் செய்த போலிக் கொம்பே நன்றாக இருக்கிறது. தினமும் உடலோடு சுமப்பதற்கு உண்மைக் கொம்பு அப்படியொன்றும் நல்ல பொருள் அல்ல. தடிமன் இடத்துக்கு இடம் மாறும், துணியில் சிக்கும்.

கேள்வி: லேசர் உள்ள கைப்பிடி தேவையா? – வாசகர், டேம்பா

மங்கலான வெளிச்சத்தில் பயன், பயிற்சியில் அதைவிடப் பயன். சுவரில் புள்ளி நடுங்குவதைப் பார்த்தே டிரிகரை இழுக்கும் குறையைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் பொத்தான் முன்பக்கத்தில், நடுவிரல் படும் இடத்தில் இருக்கும். உங்கள் விரல் இயல்பாக அங்கே விழுகிறதா என்று கடையில் பிடித்துப் பார்த்த பிறகே வாங்குங்கள். பேட்டரியை ஆண்டுக்கு ஒருமுறை, செத்தாலும் சாகாவிட்டாலும் மாற்றுங்கள்.

கேள்வி: இந்தியத் தயாரிப்பான .32 ரிவால்வர் உரிமத்தோடு வைத்திருக்கிறேன். அமெரிக்கக் கைப்பிடியை வரவழைத்து மாட்டலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

பொருந்தாது. நம் படைக்கலத் தொழிற்சாலையின் .32, நடுவில் மடிந்து திறக்கும் பழைய வெப்லி வழி வந்தது. அதன் ஃபிரேம் வளைவே வேறு. தவிர, 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதத்தின் பாகங்களையும் ஆயுதம் என்ற சொல்லுக்குள் சேர்க்கிறது. தபாலில் எதையும் வரவழைக்காதீர்கள். பலகை உடைந்திருந்தால் உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் கொடுத்தே மாற்றுங்கள்.

உங்கள் ஊரில் வியர்வையும் ஈரமும் சேர்ந்து பலகைக்கு அடியில்தான் முதலில் துருப்பிடிக்கும், வெளியே தெரியாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பலகையைக் கழற்றி, உலோகத்தில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து, மரத்தில் படாமல் துடைத்துவிட்டு மாட்டுங்கள். எண்ணெயில் ஊறிய மரம் மென்மையாகி ஸ்குரூ பிடிக்காமல் போகும். தோல் உறைக்குள்ளேயே வைத்துப் பூட்டவும் வேண்டாம், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.