துணையின் படிப்புக்காகக் குடும்பத்தோடு இடம் மாறும்போது எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது?

மனைவிக்கு இரண்டு வருட முதுநிலைப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது, நீங்களும் ஐந்து வயது மகளும் கூடப் போகிறீர்கள். பல்கலைக்கழகத்தை ஒட்டிய சின்ன வீடா, பேர்பெற்ற பள்ளி இருக்கும் தள்ளிய பகுதியில் பெரிய வீடா என்று கேட்டிருக்கிறீர்கள். என் கணவர் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது பிள்ளைகளோடு கூடப் போனவள் நான். அதனால் உங்கள் இடத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

படிக்கப் போகிறவரை மட்டும் வைத்து வீடு தேடாதீர்கள். பகல் முழுக்க அந்தத் தெருவில் இருக்கப் போவது யாரோ, அவரை முதலில் நினையுங்கள். உங்கள் வீட்டில் அது நீங்கள்தான். உங்கள் மனைவிக்கு வகுப்பு, நூலகம், கூடப் படிப்பவர்கள் என்று ஒரு உலகம் முதல் வாரத்திலேயே அமைந்துவிடும். கூடப் போகிறவருக்கு அப்படி எதுவும் காத்திருக்காது. குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது நின்று நாலு வார்த்தை பேச ஒரு ஆள் இருக்கிறாரா என்பதில்தான் அவருடைய இரண்டு வருடமும் அடங்கியிருக்கிறது. வீட்டில் இருப்பவர் சோர்ந்துபோனால் படிக்கிறவரின் படிப்பும் சேர்ந்து ஆடும்.

இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அச்சு அசலாக நம்மைப் போன்ற குடும்பங்களையே ஆராய்ந்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, குடும்பத்தோடு படிக்க வந்த முன்னாள் படைவீரர்களுக்காக அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் வெஸ்ட்கேட் என்ற குடியிருப்பு இருந்தது. அங்கே யாருக்கு யார் நண்பர்கள் ஆனார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய இரண்டு சகாக்களும் ஆராய்ந்து 1950இல் வெளியிட்டார்கள். மாடிக் கட்டடங்களில் பக்கத்து வீட்டுக்காரர்களில் 41 சதவீதம் பேர் நெருங்கிப் பழகினார்கள். அதே மாடியின் இரண்டு கோடிகளில் இருந்தவர்களில் அது 10 சதவீதம்தான். குணமும் ரசனையும் ஒத்துப்போவதை விட, தினமும் எதிரில் வந்து நிற்பதுதான் நட்பை உண்டாக்கியது. ஆகவே உங்களைப் போலவே சின்னக் குழந்தையோடு வந்திருக்கும் குடும்பங்கள் எங்கே நெருக்கமாக வசிக்கின்றனவோ, அந்த இடத்துக்கு நான் முதல் மதிப்பெண் கொடுப்பேன். தள்ளிய பகுதியில் வீடு பெரிதாக இருக்கும், சரி. ஆனால் பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விடும் தெருவில் கூடுதலாக ஒரு அறை இருந்து என்ன பயன்?

பல பல்கலைக்கழகங்களில் மாணவர் குடும்பங்களுக்கென்றே குடியிருப்பு உண்டு. வீடு பழசாக இருக்கலாம், இருந்தாலும் அதை முதலில் விசாரியுங்கள். பெரும்பாலும் காத்திருப்போர் பட்டியல் இருக்கும். சேர்க்கைக் கடிதம் வந்த அன்றைக்கே விண்ணப்பித்துவிடுங்கள், மற்ற ஆராய்ச்சியெல்லாம் அப்புறம். திருமணச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகல்களைக் கையோடு வைத்திருங்கள்.

அடுத்தது பள்ளி. தரவரிசையில் மேலே நிற்கும் பள்ளிக்காக வாடகையைக் கூட்டிக்கொள்வதா என்பதற்கு, எத்தனை வருடம் தங்கப் போகிறீர்கள் என்பதுதான் விடை. அமெரிக்காவில் 1994இல் ஐந்து நகரங்களில் ஒரு பெரிய சோதனை தொடங்கினார்கள். வறுமை மிகுந்த குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களுக்கு, வறுமை குறைந்த பகுதிக்குப் போக வாடகை உதவி கொடுத்தார்கள். பொருளாதார அறிஞர்கள் ராஜ் செட்டி, நேதனியல் ஹென்ட்ரன், லாரன்ஸ் கட்ஸ் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 13 வயதுக்கு முன்பே இடம் மாறிய பிள்ளைகள் வளர்ந்தபின் கூடுதலாகச் சம்பாதித்தது தெரிந்தது. எவ்வளவு சின்ன வயதில் போனார்களோ, அதாவது அங்கே எத்தனை வருடம் வளர்ந்தார்களோ, அவ்வளவு பலன். பதின்ம வயதில் போனவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. அந்தக் குடும்பங்களின் நிலை வேறு, நம்முடையது வேறுதான். ஆனாலும் நல்ல பகுதியின் பலன் மெல்ல மெல்லச் சேர்வது என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாறு வருட முனைவர் படிப்பென்றால் குழந்தையின் ஆரம்பப் பள்ளிக் காலம் முழுவதும் அங்கேதான் கழியும், அப்போது பள்ளிக்காகச் செலவழிப்பதில் நியாயம் இருக்கிறது. இரண்டே வருடத்துக்கு, அதுவும் ஐந்து வயதில், மகள் நடந்தே போகக்கூடிய, புதிதாக வரும் பிள்ளைகளை அரவணைத்துப் பழக்கப்பட்ட ஒரு சாதாரணப் பள்ளியே போதும் என்பேன். பள்ளிக்கு எழுதிக் கேளுங்கள்: வருட நடுவில் சேர்ப்பீர்களா, இந்த முகவரிக்கு இடம் உறுதியா, வேறு மொழி பேசும் குழந்தைக்கு என்ன உதவி? பதில் எழுதும் தொனியிலேயே பாதி தெரிந்துவிடும். முகவரியை வைத்து இடம் ஒதுக்கும் ஊர் என்றால், வீட்டுத் தரகர் சொல்வதை நம்பாமல் பள்ளியிடமோ கல்வி அலுவலகத்திடமோ நேரடியாக உறுதி செய்யுங்கள். எல்லைக்கோடு தெருவின் நடுவே போகும் இடங்களும் உண்டு.

தூரத்தைக் கிலோமீட்டரில் பார்க்காதீர்கள். ஆய்வுக்கூடமோ நூலகமோ மூடும் நேரத்தில் வீடு திரும்ப வண்டி உண்டா, விடுமுறை நாளில் எத்தனை மணிக்கு ஒன்று, இதுதான் கணக்கு. இன்னொன்று, பள்ளியிலிருந்து குழந்தைக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டால் யார் போவது, எவ்வளவு நேரத்தில் போகலாம்? நீங்களும் வேலைக்குப் போவதாக இருந்தால் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். வெளிநாடு என்றால், கூட வரும் துணைக்கு வேலை செய்ய அனுமதி உண்டா என்பது விசாவைப் பொறுத்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் வாடகைக்கு வரம்பு போடாதீர்கள்.

பலரும் பார்க்காமல் விடுவது சத்தம். நியூயார்க்கில் ரயில் பாலத்தை ஒட்டிய ஒரு பள்ளியை உளவியலாளர் ஆர்லீன் பிரான்சாஃப்ட் ஆராய்ந்து 1975இல் எழுதினார். பாலத்தின் பக்கம் இருந்த வகுப்பறைகளில் படித்த பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள், ஆறாம் வகுப்பில் அது ஏறத்தாழ ஒரு வருட இடைவெளி. தண்டவாளத்தில் ரப்பர் திண்டும் வகுப்பறையில் ஒலி உறிஞ்சும் கூரையும் போட்ட பிறகு அந்த வித்தியாசம் மறைந்தது. உங்கள் வீட்டில் ஒருவர் இரவில் படிக்க வேண்டும், ஒரு குழந்தை தூங்க வேண்டும். கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறை, தெருவைப் பார்க்காத ஒரு படுக்கையறை, இவை இரண்டும் இருந்தால் வீடு சின்னதாக இருப்பது பெரிதாகத் தெரியாது. இரவு பத்து மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். போக முடியாவிட்டால் அங்கே ஏற்கெனவே படிக்கும் ஒருவரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தில் படிப்பு முடியும் மாதமும் வாடகைக் காலம் முடியும் மாதமும் பொருந்துகிறதா, இடையில் காலி செய்தால் என்ன ஆகும், இரண்டாம் வருடம் வாடகை எவ்வளவு ஏறலாம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் முதல் மாதத்துக்குத் தற்காலிகமாக ஒரு இடம் எடுத்து, நேரில் நடந்து பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள். ஆனால் பள்ளியில் இடம் வாங்க நிரந்தர முகவரி தேவைப்படும் ஊரில் இந்த வழி சரிப்படாது.

நீங்கள் சொன்ன இரண்டில் என்றால், நான் பக்கத்திலிருக்கும் சின்ன வீட்டைத்தான் எடுப்பேன், மகளின் பள்ளி நடக்கும் தூரத்தில் இருக்கும் பட்சத்தில். பள்ளி அங்கிருந்து தூரம் என்றால் இரண்டையுமே விட்டுவிட்டு, பள்ளிக்குப் பக்கத்தில், பல்கலைக்கழகத்துக்கு ஒரே பேருந்தில் போகும் மூன்றாவது ஒன்றைத் தேடுங்கள். பயணத்தை உங்கள் மனைவி ஏற்றுக்கொள்ளலாம். ஐந்து வயதுக் குழந்தையிடம் அதைக் கேட்க வேண்டாம்.