லூபஸ் சிறுநீரகப் பாதிப்பு: பயாப்சிக்குப் பதில் எம்.ஆர்.ஐ. போதுமா?

கேள்வி: என் வயது 29. நான்கு வருடங்களாக லூபஸ் இருக்கிறது. சமீபத்திய பரிசோதனையில் சிறுநீரில் ஒரு நாளைக்கு 1.2 கிராம் புரதம் போவதாக வந்திருக்கிறது. ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) சரியாகத்தான் இருக்கிறது. சிறுநீரக பயாப்சி செய்யச் சொல்கிறார்கள். ஊசி என்றாலே எனக்குப் பயம். எம்.ஆர்.ஐ. மூலமே லூபஸ் பாதிப்பை அறியலாம் என்று படித்தேன். அதைச் செய்துகொண்டால் போதாதா?

பதில்: பயாப்சியை, அதாவது ஊசியால் சிறுநீரகத்தின் சிறு துணுக்கை எடுத்துப் பார்க்கும் பரிசோதனையை, தள்ளிப்போடாதீர்கள். எம்.ஆர்.ஐ. பற்றி நீங்கள் படித்ததில் உண்மை உண்டு. ஆனால் இப்போது உங்கள் சிகிச்சையை முடிவு செய்யத் தேவையான விவரத்தை அதனால் தர முடியாது.

லூபஸ் என்பது உடலின் நோய் எதிர்ப்பு சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் நோய். சிறுநீரகத்தில் அது முக்கியமாகத் தாக்குவது, ரத்தத்தை வடிகட்டும் குளோமெருலஸ் என்ற நுண்ணிய ரத்தக்குழாய் முடிச்சுகளை. ஒவ்வொன்றும் சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். சிறுநீரக எம்.ஆர்.ஐ. படத்தின் ஒரு புள்ளியே வழக்கமாக 1 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். அதனால் முடிச்சுக்குள் நடப்பது அதில் தெரியாது. பயாப்சி துணுக்கை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் பாதிப்பை ஆறு வகுப்புகளாகப் பிரிக்கிறோம். மூன்றாம், நான்காம் வகுப்பில் அழற்சி தீவிரமாக இருந்தால் ஸ்டீராய்டோடு மைகோபினோலேட் அல்லது சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகள் தேவைப்படும். ஆறாம் வகுப்பில் பெரும்பகுதி தழும்பாகிவிட்டிருக்கும். அங்கே அந்த மருந்துகளால் சிறுநீரகத்துக்குப் பலன் இல்லை. சிலருக்கு நுண்ணிய ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைந்திருக்கும், அதற்கு வைத்தியமே வேறு. உங்களுக்கு வந்திருக்கும் 1.2 கிராம் என்ற எண், இதில் எது என்று சொல்லாது. கிரியேட்டினின் சரியாக இருப்பதை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. பயாப்சியை யோசிக்க 0.5 கிராம் புரதமே போதும்.

சரி, எம்.ஆர்.ஐ. என்ன காட்டும்? ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தப் புலத்தைச் சற்றுக் கலைக்கும். ‘போல்ட்’ என்ற முறை அதை அளந்து, சிறுநீரகத்தில் எந்தப் பகுதிக்கு ஆக்சிஜன் குறைகிறது என்று காட்டுகிறது. திசுவுக்குள் தண்ணீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்று பார்ப்பது இன்னொரு முறை. மெல்லிய அதிர்வு அனுப்பித் திசுவின் விறைப்பை அளக்கும் முறையும் உண்டு. மூன்றுக்கும் சாய ஊசி வேண்டாம். சிக்கல் என்னவென்றால், அழற்சியும் தழும்பும் இரண்டுமே தண்ணீர் நகர்வைக் குறைக்கும். முதலாவது மருந்துக்குக் கட்டுப்படும், இரண்டாவது திரும்பாது. ஸ்கேன் இரண்டையும் உறுதியாகப் பிரித்துச் சொல்வதில்லை. அன்று எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்பதே போல்ட் அளவை மாற்றிவிடும்.

ஆனாலும் இந்த ஆராய்ச்சிமேல் எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு இருக்கிறது. பயாப்சியில் கிடைப்பது ஒரு சிறுநீரகத்தின் மெல்லிய துணுக்கு. எம்.ஆர்.ஐ. இரண்டையும் முழுசாகப் பார்க்கும், எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம், கதிர்வீச்சும் இல்லை. முதல் பயாப்சிக்குப் பிறகு மருந்து வேலை செய்கிறதா, தழும்பு கூடுகிறதா என்று வருடக்கணக்கில் கவனிக்க இது கைகொடுத்தால், மறுபடி மறுபடி ஊசி போட்டுக்கொள்ளும் பலருக்கு விடிவு. இப்போதைக்கு இது பெரும்பாலும் ஆராய்ச்சி மையங்களில்தான் நடக்கிறது. சாதாரண வயிற்று எம்.ஆர்.ஐ.யில் இந்த அளவீடுகள் வராது, அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

பயாப்சிக்கு வருவோம். அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்துவார்கள். ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், மூச்சை அடக்கச் சொல்வார்கள். அப்புறம் சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும். சிலருக்கு ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். ரத்தம் ஏற்றும் அளவுக்குப் போவது அரிது. ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தோ சாப்பிட்டால் இப்போதே சொல்லிவிடுங்கள். ரத்த அழுத்தமும் அதற்குள் கட்டுக்குள் வர வேண்டும். வீட்டுக்கு வந்தபின் இடுப்பு வலி கூடினாலோ, சிறுநீரில் ரத்தக் கட்டி வந்தாலோ, தலைசுற்றினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். லூபஸுக்காக ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், உங்கள் டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.