பழைய காரு, ஆர்.சி, எஃப்.சி: கேளுங்க சொல்றேன்

வணக்கம். ஈரோடு பக்கம் இருபது வருஷத்துக்கு மேல பேர் மாத்துறது, எஃப்.சி (பழைய வண்டிய இன்ஸ்பெக்ஷன் காட்டி ஆர்.சிய ரினிவல் பண்றது), என்.ஓ.சி (ஆட்சேபணை இல்லைங்கிற சான்றிதழ்)னு ஆர்.டி.ஓ ஆபீஸ் வேலைதான் பாத்துக்கிட்டு இருக்கேன். பழைய கார் சம்பந்தமா வந்த கேள்விகளுக்கு ஒண்ணு ஒண்ணா பதில் சொல்றேன். இது எல்லாம் ஓன் போர்டு வண்டிக்கு மட்டும், டாக்ஸி கணக்கு வேற.

அண்ணா, 2011 மாடல் ஐ10 ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். 15 வருஷம் முடிஞ்சா கட்டாயம் ஸ்கிராப்ல போடணும்னு ஆபீஸ்ல பயமுறுத்துறாங்க. வாங்கலாமா?

தம்பி, அது பாதி உண்மை. 15 வருஷம் ஆன கவர்மென்ட் வண்டிக்குதான் 2023 ஏப்ரல்ல இருந்து ஆர்.சி ரினிவல் கிடையாது. நம்ம சொந்த வண்டி இன்ஸ்பெக்ஷன்ல பாஸ் ஆனா 5 வருஷம் குடுப்பாங்க, அது முடிஞ்சு மறுபடியும் பாஸ் ஆனா இன்னொரு 5 வருஷம்.

ஆனா செலவு இருக்கு, அதை யாரும் சொல்ல மாட்டாங்க. முன்னாடி 600 ரூபா இருந்த ஃபீஸ் 2022 ஏப்ரல்ல இருந்து 5,000 ஆச்சு, 20 வருஷம் தாண்டின காருக்கு 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆக்கிட்டாங்க, இது போக பழைய வண்டிக்குப் போடுற கிரீன் டாக்ஸ் தனி, தேதி தாண்டிப் போனா மாசத்துக்கு 500 ஃபைன் வேற. மாடல் வருஷத்தை பாக்காத, ஆர்.சில வேலிடிட்டி எந்த தேதி வரைக்கும்னு பாரு. அந்த தேதிக்கு 60 நாள் முன்னாடியே ரினிவலுக்கு ஃபார்ம் 25 போட்டுக்கலாம். தேதி கிட்ட வந்துருச்சுன்னா ஓனரையே ரினிவல் பண்ணி குடுக்கச் சொல்லு, இல்ல அந்த காசை விலைல கழி.

சார், எஃப்.சி காட்டப் போறப்ப பிரேக் இன்ஸ்பெக்டர் என்னென்ன பாப்பார்?

பிரேக், ஹேண்ட் பிரேக், ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், டயர், சீட் பெல்ட். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது. கண்ணாடில கருப்பு ஃபிலிம் (2012லயே சுப்ரீம் கோர்ட் வேணாம்னுடுச்சு), முன்னாடி கம்பி பம்பர், நம்பர் பிளேட்ல தலைவர் படம், இதெல்லாம் வீட்லயே கழட்டி வச்சுட்டு போங்க. கேஸ் கிட் போட்டிருந்தாலோ கலர் மாத்தியிருந்தாலோ அது ஆர்.சில ஏறியிருக்கணும்.

ஆனா நான் பாத்தவரைக்கும் பழைய வண்டி மாட்டுறது பிரேக்ல இல்ல, சேசிஸ் நம்பர்ல, அதாவது வண்டித் தகட்டுல பொறிச்சிருக்கிற அடையாள நம்பர்ல. என்னோட சொந்த வண்டி 2006 மாருதி 800, எல்லாம் பக்காவா ரெடி பண்ணி கிரவுண்டுக்கு கொண்டு போய் பானெட்ட தொறந்தா, உள்ள தகட்டுல நம்பர் இருக்க வேண்டிய இடத்துல பெயிண்ட் மொத்தமா அப்பிக் கிடக்கு, எப்பவோ டிங்கரிங் பண்ணின பட்டறைக்காரர் அதுக்கு மேலயே அடிச்சு விட்டிருக்கார். பழைய பனியன் துணில தின்னர் நனைச்சு மெதுவா தேய்ச்சேன், ஒவ்வொரு எழுத்தா வெளிய வந்துச்சு, கடைசி ரெண்டு நம்பர் துருவுல பாதி போயிருச்சு. பேப்பர வச்சு பென்சிலை சாய்ச்சுத் தேய்ச்சா 3ஆ 8ஆன்னு எனக்கே தெரியல. அன்னிக்கு திருப்பி அனுப்பிட்டாங்க. அடுத்த வாரம் துருவை சுத்தம் பண்ணி, முதல்ல கார் வாங்கினப்ப குடுத்த பில்லையும் எடுத்துட்டுப் போனப்புறம்தான் பாஸ். இதுல இன்னொரு வேடிக்கை, பழைய ஆர்.சி புக்ல இருந்து கம்ப்யூட்டர்ல ஏத்தினப்ப என்ஜின் நம்பர்ல ஒரு எழுத்த மாத்தி அடிச்சிருந்தாங்க, அதுக்கு ஒரு மனு தனியா குடுத்தேன்.

அதனால வண்டிய ஓட்டிப் பாக்குறதுக்கு முன்னாடி பானெட்ட தொறந்து நம்பரை ஆர்.சியோட ஒப்பிட்டுப் பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை. அட்வான்ஸ் அப்புறம்.

ஃபெயில் ஆனாலும் பயப்படாதீங்க, சொன்ன குறைய சரி பண்ணிட்டு திரும்பக் காட்டலாம்.

டெல்லி வண்டி இன்னோவா டீசல் 2014 ரொம்ப சீப்பா வருது ப்ரோ, எடுத்து நம்ம ஊர் நம்பர் மாத்திடலாமா?

சீப்பா வர்றதுக்கு காரணம் இருக்கு. டெல்லில 10 வருஷம் ஆன டீசல் ஓடக்கூடாதுன்னு 2015ல பசுமை தீர்ப்பாயம் சொல்லி, 2018ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணுச்சு. அதுக்கப்புறம் கேஸ் பல தடவ திரும்பி வந்திருக்கு, ஆனா விலை விழுந்தது விழுந்ததுதான்.

எடுக்கலாம், தப்பில்ல. ஆனா டெல்லி ஆர்.டி.ஓ குடுக்குற என்.ஓ.சி கைல வர்றதுக்கு முன்னாடி முழுப் பணம் குடுக்காதீங்க. என்.ஓ.சில எந்த ஆர்.டி.ஓ ஆபீஸுக்குன்னு போட்டிருக்கும், நீங்க கோயமுத்தூர்ல இருந்துட்டு சென்னை ஆபீஸ் பேருக்கு வாங்கினா திரும்ப அலையணும். இங்க வந்தப்புறம் புது நம்பருக்கு ஃபார்ம் 27, வண்டிய நேர்ல காட்டணும், அதோட வண்டி வயசுக்கு ஏத்த மாதிரி லைஃப் டாக்ஸ். இந்த டாக்ஸ்லதான் எல்லாரும் வாயப் பொளக்குறாங்க. டெல்லி விலை, லாரி வாடகை, டாக்ஸ், புது டயர் எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி கூட்டுங்க, உள்ளூர் வண்டி விலையோட வித்தியாசம் பெருசா இல்லைன்னா விட்டுடுங்க. என் கிட்ட வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு மிச்சம் ஒண்ணும் நிக்கல.

சார், அப்பா தவறி ஏழு மாசம் ஆச்சு. கார் அவர் பேர்லயே இருக்கு, அம்மா பேருக்கு மாத்தணும்.

வருத்தமா இருக்கும்மா. இதுக்கு வண்டி வித்தா போடுற ஃபார்ம் 29, 30 வேணாம், ஃபார்ம் 31. இறப்பு சான்றிதழ், வாரிசு சான்றிதழ், மத்த வாரிசுங்க எல்லாரும் ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுத்த அஃபிடவிட், இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட். மூணு மாசத்துக்குள்ள பண்ணியிருக்கணும், லேட்டுக்கு ஃபைன் வரும், அவ்வளவுதான். அண்ணன் வெளிநாட்டுல இருக்கார்னா அவர் கையெழுத்துக்கு இப்பவே சொல்லி வைங்க, இழுக்குறது அங்கதான்.

லோன் 2016லயே முடிஞ்சுது, ஆர்.சில இன்னும் பேங்க் பேர் இருக்கு. பிரச்சனையா?

ஆமா, பேங்க் பேர் இருக்குறவரைக்கும் அவங்க சம்மதம் இல்லாம பேர் மாத்த முடியாது. பேங்க்ல என்.ஓ.சி, லோன் முடிஞ்சதுன்னு காட்டுற ஃபார்ம் 35ல சீல் கையெழுத்து வாங்கிட்டு வாங்க.

அண்ணே, மூணு வருஷம் முன்னாடி ஆட்டோ கன்சல்டிங்ல (பழைய வண்டி வாங்கி விக்கிற கடை) வித்த வண்டிக்கு இன்னும் எனக்கு ஃபைன் மெசேஜ் வருது. வண்டிய ஒப்படைச்சதுக்கு எழுதின டெலிவரி நோட் மட்டும் இருக்கு.

இதைக் கேக்குறப்பல்லாம் எனக்கு கோவமா வருது, உங்க மேல இல்ல. ஃபைன் போகட்டும்ணே, நாளைக்கு அந்த வண்டி யாரையாவது இடிச்சா? ஆர்.சில யார் பேரோ அவர்தான் ஓனர்னு 2018ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. முதல்ல கவர்மென்ட்டோட பரிவாகன் சைட்ல அந்த வண்டி நம்பரை போட்டு இன்சூரன்ஸ் உயிரோட இருக்கான்னு பாருங்க. அப்புறம் டெலிவரி நோட் காப்பியோட ஆர்.டி.ஓவுக்கு ரிஜிஸ்டர் தபால்ல லெட்டர், வாங்கினவருக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ்.

இனிமே டீலர் கிட்ட விக்கிறவங்க ஃபார்ம் 29சி கேளுங்க. 2023 ஏப்ரல்ல வந்த ரூல், அங்கீகாரம் வாங்கின டீலர் கிட்ட வண்டிய ஒப்படைச்சதை அதுல பதிவு பண்ணிட்டா பொறுப்பு அவர் தலைக்கு போயிடும்.

புரோக்கர் இல்லாம பேர் மாத்துறதை நானே பண்ண முடியுமா?

முடியும், என் பொழப்பு போனாலும் சொல்றேன். ஆன்லைன்ல ஃபீஸ் கட்டி, பிரிண்ட் எடுத்து, ஒரிஜினலோட போனா போதும். ஒண்ணே ஒண்ணு, ஓ.டி.பி பழைய ஓனர் நம்பருக்குதான் போகும். அந்த சிம்மை அவர் எப்பவோ தூக்கிப் போட்டிருப்பார். பேரம் பேசுற அன்னிக்கே அவர் ஃபோன் நம்பரை அப்டேட் பண்ண வைங்க.

இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்துங்க. நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் பண்ணாததுக்கு பிரீமியத்துல குடுக்குற தள்ளுபடி) உங்களுக்கு வராது, அது பழைய ஓனரோட போயிடும்.

தாத்தாவோட 1968 ஃபியட் கொட்டகைல நிக்குது, ஆர்.சி புக் இருக்கு. உயிர் குடுக்க முடியுமா?

ஆஹா! ரெண்டு வழி இருக்கு தம்பி. தினமும் ஓட்டணும்னா சாதாரண ரினிவல், 5 வருஷத்துக்கு ஒரு தடவ, ஆனா இத்தனை வருஷ லேட் ஃபைனை கணக்கு போட்டுக்கோ. இல்லைன்னா 50 வருஷம் தாண்டின வண்டிக்கு 2021ல வந்த வின்டேஜ் பதிவு, ஃபீஸ் 20,000, பத்து வருஷத்துக்கு செல்லும், பழைய நம்பரையே வச்சுக்கலாம். ஆனா கண்காட்சி, ராலிக்குதான் ரோட்டுல எடுக்கலாம், கறிகாய் வாங்கப் போக முடியாது. என்ஜின், பாடி மாத்தியிருக்கக் கூடாது. டீசல் என்ஜின் ஏத்தி வச்ச ஃபியட் எங்க பக்கம் நிறைய ஓடுச்சு, அதான் கேக்குறேன், பானெட்டுக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு ஃபோட்டோ அனுப்பு.