மொரிஸ் மைனருக்கு எந்தப் பின் அக்சில்?

கேள்வி: என்னிடம் 1960ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 இருக்கிறது, 948 சி.சி. எஞ்சின். மணிக்கு 60 கிலோமீற்றரைத் தாண்டினால் பின்பக்கம் இரைகிறது. பின் அக்சிலை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். கொழும்பில் ஒருவர் எம்.ஜி. மிட்ஜெட்டின் முழு அக்சில் வைத்திருக்கிறார். அப்படியே பொருந்தும், பெற்றோலும் மிச்சம் என்கிறார். இங்கே ஒருவரிடம் பழைய மைனர் வானில் கழற்றியது இருக்கிறது. எதை வாங்கலாம்?
- யாழ்ப்பாண வாசகர்

பதில்: இரண்டுக்கும் இன்னும் காசு கொடுக்க வேண்டாம். இரைச்சல் அக்சிலில் இருந்துதானா என்று முதலில் பாருங்கள். வெறுமையான தெருவில் 65இல் ஓடும்போது கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து காரை உருள விடுங்கள். சத்தம் அப்படியே தொடர்ந்தால், ரயரையோ ஹப் பெயரிங்கையோ சந்தேகிக்கலாம். ஆக்சிலறேற்றரை அழுத்தும்போது ஒரு குரலும் காலை எடுக்கும்போது வேறு குரலுமாக ஊளையிட்டால்தான் கிரவுண் வீலும் பினியனும், அதாவது அக்சிலின் நடுவில் இருக்கும் பெரிய, சிறிய பற்சில்லுச் சோடி. கிளட்ச் விடும்போது ‘டக்’ என்று ஒரு அடி மட்டும் கேட்டால், பெரும்பாலும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் (கியர்பெட்டியிலிருந்து பின் அக்சிலுக்குப் போகும் தண்டு) யூனிவேர்சல் ஜொயின்ட். சில ஆயிரத்தோடு முடியும் இந்த வேலைக்கு முழு அக்சில் மாற்றிய கார்கள் ஏராளம்.

இன்னொன்று: ஊளையிடும் டிஃபரன்ஷல் (அந்தப் பற்சில்லுச் சோடி இருக்கும் பகுதி) உடனே உடைந்துவிடாது. ஒயில் மட்டம் சரியாக இருந்து, வடித்த ஒயிலில் காந்தத்தை விட்டுப் பார்க்கையில் சாம்பல் நிறக் களி மட்டும் ஒட்டினால், பல வருடம் ஓடும். மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தையே தாண்டி வந்த கார்கள் இவை! செதில் செதிலாக உலோகம் வந்தால் மட்டும் ஒத்திப்போடாதீர்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்றால், உங்களுக்குத் தேவை முழு அக்சில் அல்ல, நடுவில் இருக்கும் டிஃபரன்ஷல் மட்டுமே. மைனரின் அக்சில் வீட்டிலிருந்து (வெளிக்கூடு) எட்டு நட்டைக் கழற்றினால் அது முன்பக்கமாகத் தனியாக வந்துவிடும். மிட்ஜெட்டின் முழு அக்சில் உங்கள் காருக்குப் பொருந்தாது. மைனரின் பின் சில்லுகளுக்கு இடையிலான அகலம் ஏறத்தாழ 50¼ அங்குலம், மிட்ஜெட்டில் 45க்கும் சற்றுக் குறைவு. ஐந்து அங்குலம் ஒடுங்கிய அக்சிலை ‘அப்படியே பொருந்தும்’ என்று விற்பவர் அதைப் பொருத்திப் பார்த்ததே இல்லை. அதற்குள் இருக்கும் டிஃபரன்ஷல் மட்டும் மைனருக்குள் போகும். அதை மட்டும் தருவாரா என்று கேளுங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட் பூட்டும் ஃபிளாஞ்சின் துளைகள் உங்களுடையதோடு ஒத்துப்போகின்றனவா என்று அளந்த பிறகு விலை பேசுங்கள்.

அடுத்தது விகிதம், அதாவது பின் சில்லு ஒரு தடவை சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை தடவை சுற்ற வேண்டும் என்பது. உங்கள் 948க்குத் தொழிற்சாலையில் போட்டது 4.55, அதாவது பினியனில் 9 பல், கிரவுண் வீலில் 41. 1962இல் 1098 சி.சி. எஞ்சின் வந்தபோது 4.22 ஆக்கினார்கள் (9க்கு 38). பிற்கால 1275 மிட்ஜெட்டில் 3.9 (10க்கு 39). 145 அளவு, 14 அங்குல ரேடியல் ரயரோடு 80 கிலோமீற்றரில் ஓடும்போது எஞ்சின் சுற்று நிமிடத்துக்கு 4.55இல் சுமார் 3,375, 4.22இல் 3,130, 3.9இல் 2,890. கடைசி எண்ணைப் பார்த்து ஆசை வரும். ஆனால் 948இன் இழுவை 3.9க்குப் போதாது. நான்கு பேரும் சாமான்களுமாகக் கண்டி ஏற்றத்தில் போனால் மூன்றாம் கியரும் தாங்காமல் இரண்டுக்கு இறங்குவீர்கள். மிச்சம் என்று சொன்ன பெற்றோல் அங்கே போய்விடும். உங்கள் எஞ்சினுக்கு 4.22தான் சரி. 3.9ஐ 1098 வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம்.

வேக மானி கியர்பெட்டியிலிருந்து ஓடுவதால், விகிதம் மாறினால் அது குறைத்துக் காட்டும். 4.22 போட்டபின் உண்மையில் 80இல் ஓடும்போது 74 காட்டும். 3.9 போட்டால் மானி 70இல் நிற்கும்போது கார் 82இல் ஓடும். பொலிஸ்காரரிடம் இதை விளக்க முடியாது.

வான் அக்சில் மைனருடையதுதான், பொருந்தும். ஆனால் 803 சி.சி. காலத்து வான் என்றால் விகிதம் 5.3ஐ ஒட்டி இருக்கும். ஏற்றத்தில் நன்றாக இழுக்கும், சமதரையில் எஞ்சின் அலறும். விற்பவரின் வாயை நம்பாமல் நீங்களே எண்ணுங்கள். ஒரு பக்க ஷாஃப்ட் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை மட்டும் 20 சுற்றுச் சுற்றுங்கள். பினியன் ஃபிளாஞ்ச் 45½ சுற்று வந்தால் 4.55, 42ஐச் சற்றுத் தாண்டினால் 4.22; 39 என்றால் 3.9. ஃபிளாஞ்சில் சோக்கால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எண்ணிக்கை தவறாது. டிஃபரன்ஷல் வெளியே இருந்தால் பல்லையே எண்ணிவிடலாம். அப்போது பல்லின் முகத்தையும் பாருங்கள்: ஒரே சீரான பளபளப்பு நல்லது, அம்மைத் தழும்பு போன்ற குழிகள் இருந்தால் வேண்டாம். நெடுநாள் மழையில் கிடந்ததென்றால் அடிப்பகுதியில் துரு வரிகள் இருக்கும். கிரவுண் வீலும் பினியனும் சோடியாக உரசிச் சேர்க்கப்பட்டவை. ஒன்றிலிருந்து ஒன்றும் மற்றதிலிருந்து மற்றதும் எடுத்துச் சேர்த்துத் தருகிறேன் என்பவரிடம் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

கேள்வி: டிஃபரன்ஷல் மாற்றக் கராஜில் கொடுக்கப்போகிறேன். என்னென்ன சாமான் வாங்கிக் கொடுக்க வேண்டும்? எதில் பிழை விடுவார்கள்?
- வவுனியா வாசகர்

பதில்: டிஃபரன்ஷல் முகத்துக்குப் பேப்பர் காஸ்கெட் ஒன்று, ஷாஃப்ட் ஃபிளாஞ்சுகளுக்கு இரண்டு, ஹப் ஒயில் சீல் இரண்டு, ஹைப்பொயிட் கியர் ஒயில் 90 ஒரு லீற்றர். அக்சிலுக்குள் போவது 0.85 லீற்றர்தான். மைனரின் கியர்பெட்டிக்கு எஞ்சின் ஒயில். மீதி 90ஐ அதற்குள் ஊற்ற விடாதீர்கள்.

வேலை இப்படிப் போகும். முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்துப் பின்பக்கத்தை ஸ்ரான்டில் நிறுத்தி ஒயிலை வடிக்க வேண்டும். டிரம்மைக் கழற்றி, ஷாஃப்ட் ஃபிளாஞ்சின் ஸ்குரூவை எடுத்து, இரண்டு ஷாஃப்டையும் வெளியே இழுக்க வேண்டும். பிரேக் குழாயைத் தொட வேண்டியதில்லை. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கும் ஃபிளாஞ்சுக்கும் குறுக்கே அடையாளம் போட்டு நான்கு போல்டைக் கழற்றி, எட்டு நட்டையும் எடுத்தால் டிஃபரன்ஷல் கைக்கு வரும். பாரமானது, இரண்டு பேர் வேண்டும். பூட்டுமுன் அக்சில் வீட்டின் உட்புறத்தை மண்ணெண்ணெயால் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். பழைய பல்லின் துகள் உள்ளே கிடந்தால் புதியதையும் தின்னும். ஷாஃப்ட் வெளியே இருக்கும்போது அதன் பல்வரிகள் முறுகியிருக்கின்றனவா என்றும் பார்க்கலாம்.

பிழை வருவது பெரும்பாலும் ஹப்பில். சீல் மாற்ற ஹப்பைக் கழற்றும்போது இடப்பக்க நட்டுக்கு இடது மரை, வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் வழமைபோல் திருப்பிச் சுத்தியலால் அடித்தே அக்சில் முனையைக் கெடுத்துவிடுவார்கள். அது கெட்டால்தான் உண்மையிலேயே முழு அக்சில் தேட வேண்டிவரும். மறுபடி பூட்டும்போது பெயரிங்கின் ஸ்பேசர், காஸ்கெட் வைத்த ஹப் முகத்தைவிட 1 முதல் 4 தௌ, அதாவது 0.025 முதல் 0.1 மில்லிமீற்றர் வெளியே நிற்க வேண்டும். அப்போதுதான் ஷாஃப்ட் ஃபிளாஞ்ச் பெயரிங்கை இறுக்கிப் பிடிக்கும். தடித்த காஸ்கெட்டைக் கையால் வெட்டிப் போட்டால் இந்த இறுக்கம் போய்விடும். பெயரிங் ஆடும், புதுச் சீலும் ஒழுகும், ஒயில் பிரேக் லைனிங்கில் ஊறும். ‘சீல் தரமில்லை’ என்று அப்புறம் சொல்வார்கள்.

அக்சில் குழாயின் மேலே சிறிய மூச்சுக்குழல் ஒன்று உண்டு. சேறு அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, எந்தச் சீலைப் போட்டாலும் ஒயில் வெளியே தள்ளும். அதைக் கம்பியால் குத்தித் திறக்க ஒரு நிமிடம்.

கேள்வி: மைனருக்கு டற்சன் அக்சிலை வெட்டி ஒட்டித் தருகிறேன் என்கிறார் ஒரு வெல்டர். மலிவு. செய்யலாமா?
- மட்டக்களப்பு வாசகர்

பதில்: எஞ்சினும் கியர்பெட்டியும் மைனருடையதாகவே இருந்தால் வேண்டாம். மைனரின் சில்லு நான்கு போல்ட், 4 அங்குல வட்டம், டற்சனுடையது 114.3 மில்லிமீற்றர். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு உதிரிச் சில்லோடுதான் தூரப் பயணம் போகலாம். வில்லுத் தகடு இருக்கும் மேடையை வெட்டிப் புதிதாக ஒட்டும்போது பினியனின் சாய்வு பிழைத்தால் காரின் தரை அதிரும். பெரிய பின் பிரேக் முன்பிரேக்குக்கு முந்திப் பூட்டினால் மழைநாளில் கார் சுழலும். கைபிரேக் கேபிளும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் புதிதாகச் செய்ய வேண்டும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் மலிவும் இல்லை.

கேள்வி: 4.22 என்று சொல்லி விற்ற டிஃபரன்ஷல், பூட்டிய பின் 4.55 என்று தெரிந்தது. பற்றுச்சீட்டில் ‘மைனர் டிஃபரன்ஷல் 1’ என்று மட்டுமே இருக்கிறது. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார்.
- கொழும்பு வாசகர்

பதில்: அவர் 4.22 என்று எழுதிய குறுஞ்செய்தியோ விளம்பரமோ கைபேசியில் இருந்தால் அழிக்காமல் வையுங்கள். 20 சுற்றுச் சோதனையைக் காணொளியாக எடுத்து, மெக்கானிக்கிடம் பல் எண்ணிக்கையை எழுதி வாங்கி, மாற்றித் தரும்படி கடைக்குக் கடிதம் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். தொலைபேசி இலக்கம் 1977. பற்றுச்சீட்டில் விகிதம் இல்லாதது உங்கள் பக்கத்தின் பலவீனம்தான். அடுத்த தடவை ‘38க்கு 9 பல், பிழையென்றால் திருப்பி எடுக்கப்படும்’ என்று எழுதித் தரும் கடையில் வாங்குங்கள்.